ஐந்தாம் பக்கத்தைக் காணவில்லை

மதியம் 1.20.

நான்காம் பக்கத்தைப் புரட்டினால் ஏழாம் பக்கம் வந்தது. ஒற்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் புரட்டினாள். கண்ணாடி மேல் தப்பில்லை. ஏழுதான்.

அவள் அந்தப் பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவள். விட்டுப்போன க், ச், த், ப்-களைச் சிவப்பு மையில் போட்டுப் போட்டே இருபத்தெட்டு வருஷம் ஓடிவிட்டது. ஒற்று என்ற பெயரும் அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஒற்று என்றால் வேவு என்றும் அர்த்தம் உண்டு என்பது முதலாளியின் நிரந்தர நகைச்சுவை. அதற்கு அவள் சிரிப்பதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது.

அடுத்த பிரதியை எடுத்தாள். நான்கு, ஏழு. அதற்கடுத்தது. நான்கு, ஏழு. முதல் அச்சே நூற்றிருபது பிரதிதான். நூற்றிருபதிலும் ஒரே தாளைக் காணோம். கால் வீக்கத்துக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்ச நேரம் நாற்காலியில் காலை நீட்டிக் கிடக்கலாம் என்று இருந்தாள். இனி அது நடக்காது.

காணாமல் போனது சமர்ப்பணப் பக்கம். காலை 9.15-க்குப் பைண்டர் கட்டுகளை இறக்கியதும் அவளே ஒரு பிரதியைப் பிரித்துப் பார்த்திருந்தாள். அப்போது பக்கம் இருந்தது. நடுவில் இரண்டே வரி:

அன்னைக்கு
கதவைத் திறந்தவருக்கு

மாலை நாலு மணிக்கு வெளியீட்டு விழா.

1.35.

"அந்தப் பக்கத்தை எவன் படிக்கிறான்? ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு ஒட்டிட்டா முடிஞ்சுது" என்றார் முதலாளி. "ஆனா வெட்டினவனைச் சும்மா விடமாட்டேன். பைண்டரைக் கூப்பிடு. கத்தி அவன்கிட்டதானே இருக்கு?"

"சீட்டு அப்புறம் அடிக்கலாம் சார். ஒருத்தர் உக்காந்து நூத்தியிருபது பக்கத்தை வெட்டியிருக்காங்கன்னா, அந்தப் பக்கத்தை ஒருத்தராவது படிச்சிருக்காங்கன்னுதானே அர்த்தம்?"

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார்.

ஒற்றுக்கு எழுத்தாளர்களைத் தெரியும். முன்னூறு பக்கத்தில் மூவாயிரம் பிழை இருந்தாலும் கவலைப்பட மாட்டார்கள். சமர்ப்பணத்துக்கு மட்டும் நாலு தடவை போன் செய்வார்கள். ஒருவர் மனைவி பெயரை எடுக்கச் சொல்லி, மறுநாள் சேர்க்கச் சொல்லி, அதற்கு மறுநாள் 'நண்பர்களுக்கு' என்று போட்டுவிடச் சொன்னார். வாசகர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கடையில் நின்றபடியே அந்தப் பக்கத்தைப் பார்த்து, 'யாரா இருக்கும்?' என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முன்னூறு பக்கம் ஊருக்கு. அந்த ஒரு பக்கம் வீட்டுக்கு.

1.50.

பைண்டர் பின்னறையில் இருந்தார். புத்தகங்களுக்கு மேலுறை போடும் வேலை அங்கேதான் நடந்திருந்தது. பெரிய மேஜை, பசை டப்பா, மேலுறை நறுக்கும் கத்தி, குப்பைக்கூடை. ஒற்று முதலில் கூடையைக் கவிழ்த்தாள். மேலுறைத் துணுக்குகள் மட்டும்தான் விழுந்தன.

"காலையில இங்க யார் யார் இருந்தீங்கண்ணே?"

"மூணு பேர். நான், எழுத்தாளப் பொண்ணு, அதோட அம்மா. பத்தரைக்கு அந்தப் பொண்ணைப் பேட்டின்னு முதலாளி முன்னாடி கூட்டிட்டுப் போயிட்டார். நானும் பசை வாங்கப் போனேன். திரும்பி வர்றப்போ பன்னெண்டு. அவங்க ரெண்டு பேரும் சாப்பிடப் போனாங்க. ஒரு மணி வரைக்கும் நான் மட்டும்தான் இருந்தேன்." அவர் நிறுத்தினார். "அப்போ மாட்டினது நான்தான். அப்படித்தானே ஒற்றக்கா?"

"நான் எதுவும் சொல்லலையே."

"நீங்க சொல்லல. முதலாளி மூஞ்சி சொல்லுது."

ஒற்று ஒரு பிரதியை அவரிடம் நீட்டினாள். அவர் விரித்து, வெட்டு வாயை விரலால் தடவினார். முகத்தில் இருந்த கோபம் கொஞ்சம் கொஞ்சமாக மரியாதையாக மாறியது.

"நல்ல கை. நான் வெட்டினா வேரோட எடுத்திருப்பேன். எதிர்ப்பக்கம் ரெண்டு நாள்ல கழண்டு வந்திருக்கும். இது பாருங்க, அரை விரல் உள்ளே விட்டு வெட்டியிருக்கு. நூத்தியிருபதுலயும் அதே அரை விரல். அடுத்த பக்கத்துல ஒரு கீறல் இல்ல, அடியில அட்டை வச்சிருக்காங்க. புஸ்தகத்தைக் கெடுக்கணும்னு நினைச்சவன் இப்படிப் பார்த்துப் பார்த்து வெட்டுவானா?"

ஒற்று அதை மனசில் குறித்துக்கொண்டாள். பகைக்காரன் வெட்டு இல்லை. அக்கறைக்காரர் வெட்டு.

2.15.

எழுத்தாளரின் அம்மா முன்னறைப் பெஞ்சின் ஓரத்தில், மடியில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். வீட்டிலேயே துணி தைப்பவர். மகள் ஆறு வருஷம் கழித்து வெளிநாட்டிலிருந்து நாலு நாள் விடுப்பில் வந்திருக்கிறாள்.

"பக்கம் போச்சுன்னு சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"நீங்க தனியா இருந்தப்போ யாராவது உள்ளே வந்தாங்களா?"

"யாரும் வரல." கொஞ்சம் பொறுத்து அவரே கேட்டார். "ஒண்ணுகூட மிச்சம் இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

அவர் நீளமாக ஒரு மூச்சு விட்டார். பாவம், தனக்கென்று வந்த ஒரே பக்கம் என்று ஒற்று நினைத்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் வருவார்தானே நாலு மணிக்கு?"

"வருவார். மக புஸ்தகம் வேற யார் கையிலயும் போறதுக்கு முன்னாடி அவர்தான் படிக்கணும்னு ரெண்டு நாளா தூங்கல. அட்டையில இருந்து ஒரு எழுத்து விடமாட்டார்."

2.30.

முதலாளி வாசலில் பைண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார். "நாளையிலிருந்து வராதே. இன்னைக்குள்ள ஒத்துக்கிட்டா போலீஸ் வேண்டாம்." பைண்டர் தலையைக் குனிந்து நின்றார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. ஒற்றுக்குத் தலை வலித்தது. "நாலு மணி வரைக்கும் பொறுங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுத்தாளரைத் தேடிப் போனாள்.

அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் ஒரு சலவை நிலையத்தில் வேலை. வேலைக்குப் போகும் பேருந்தில், போனில் பேசிப் பேசியே மொத்தப் புத்தகத்தையும் எழுதியவள். போன் அதைப் பேசின மாதிரியே எழுத்தாக்கியிருந்தது. அதையெல்லாம் அச்சுத் தமிழாக்கியது ஒற்றுதான்.

"சீட்டு ஒட்டினா போதுமா மேடம்? ஒட்டினாலும் பிஞ்சிடும்ல? அவங்க பார்க்காமலே போயிடுவாங்கல்ல?"

"யாரு? உங்க அம்மாவா?"

"அம்மா எதுக்கு?"

"அம்மாவுக்குத்தானே போட்டிருக்கே? அன்னைக்குன்னு?"

அந்தப் பெண் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு போனை எடுத்துத் தான் முதலில் அனுப்பியதைக் காட்டினாள். ஒரே வரி. *அன்னைக்கு கதவைத் திறந்தவங்களுக்கு.*

"அன்னைக்கு மேடம். அன்னிக்கு. அந்த நாள்ல."

ஒற்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

புத்தகம் முழுக்க நாற்பத்தொரு இடத்தில் 'அன்னைக்கு' வந்திருந்தது. நாற்பத்தொன்றையும் தேடித் தேடி 'அன்றைக்கு' என்று மாற்றியவள் அவள். நாற்பத்திரண்டாவது, சமர்ப்பணப் பக்கத்தில். அங்கே மட்டும் அவள் கண்ணுக்கு அது தாயாகத் தெரிந்தது. பத்துப் புத்தகத்தில் எட்டு அம்மாவுக்குத்தானே? அழகாக இருக்கட்டும் என்று இரண்டு வரியாகவும் உடைத்துவிட்டாள். உடைத்ததால் நடுவில் ஒரு 'க்' போடவும் வேண்டியிருக்கவில்லை. ஊரார் விட்ட ஒற்றெழுத்தையெல்லாம் பிடித்தவள், தன் பிழையை விட்டுவிட்டாள்.

"என்ன நாள் அது?"

"நான் கிளம்பின நாள். அப்பா போகக் கூடாதுன்னு என்னை அறையில வச்சு வெளியே பூட்டுப் போட்டுட்டார். சாவி அவர் சட்டைப் பையில. விடியக்காலையில பூட்டு திறக்கிற சத்தம் கேட்டுச்சு. யாரோ நடந்து போற சத்தம். நான் வெளியே வந்தப்போ ஒருத்தரும் இல்ல. பூட்டு தொங்கிட்டிருந்துச்சு."

"யாருன்னு தெரியாதா?"

"தெரியாது. பக்கத்துப் போர்ஷன் அத்தையா, அண்ணனா… அதான் அப்படி எழுதினேன். திறந்தவங்க படிச்சா அவங்களுக்குத் தெரியும்ல?"

"அம்மாவா இருக்கும்னு நினைக்கலையா?"

"அம்மாவா? அன்னைக்கு அப்பாவை விட ஜாஸ்தி கத்தினது அவங்கதான். போனா செத்துட்டேன்னு நினைச்சுக்கோன்னு சொன்னாங்க."

ஒற்று கண்ணை மூடிக்கொண்டாள். அயர்ச்சியில் அல்ல. ஒரு வாக்கியம் சரியாக வந்து உட்கார்ந்துவிட்டால் அப்படித்தான் மூடுவாள்.

3.05.

பின்னறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே மூன்று பேர்தான். அவள், எழுத்தாளர், அம்மா.

"உக்காருங்கம்மா. கோர்ட்டு இல்ல இது. எனக்கும் நிக்கத் தெம்பில்ல."

அம்மா உட்கார்ந்தார். பை மடியிலேயே இருந்தது.

"இந்தப் பக்கத்தை யார் வெட்டுவாங்கன்னு மத்தியானத்திலிருந்து யோசிக்கிறேன். 'அன்னைக்கு, கதவைத் திறந்தவருக்கு.' படிக்கிறவங்களுக்கு என்ன தோணும்? அம்மாவுக்கு எழுதியிருக்கா, உலகத்தோட கதவைத் திறந்துவிட்ட அம்மான்னு ஏதோ அலங்காரமா சொல்றா. அவ்வளவுதான். யாருக்கும் கோபம் வராது, பயம் வராது. வெட்டுறதுக்குக் காரணமே இல்ல." மூச்சு வாங்கினாள். "ஒருத்தரைத் தவிர. அது அலங்காரம் இல்ல, நெஜமாவே நடந்ததுன்னு தெரிஞ்சவங்க. நெஜமாவே கதவைத் திறந்த அன்னை."

எழுத்தாளர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா பையின் வாயை முறுக்கிக்கொண்டிருந்தார்.

"துணி வெட்டுறவங்க தையலுக்கு அரை விரல் உள்ளே விட்டுத்தான் வெட்டுவாங்க. இல்லன்னா பிரிஞ்சிடும். புஸ்தகத்துக்கும் விட்டிருக்கீங்க. மக புஸ்தகம், பிரியக் கூடாதுன்னு. பக்கம் போச்சுன்னதும் பைண்டர் என்னைச் சந்தேகப்படுறீங்களான்னார். உங்க பொண்ணு, ஒட்ட முடியுமான்னா. நீங்க மட்டும்தான் ஒண்ணுகூட மிச்சம் இல்லையான்னு கேட்டீங்க. வருத்தம்னு நினைச்சேன். சரிபார்த்திருக்கீங்க."

அம்மா பையின் வாயை முறுக்குவதை நிறுத்தினார்.

"இவளுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சுன்னு நினைச்சேன்" என்றார் அம்மா, மேஜையைப் பார்த்து. "அச்சடிச்சு ஊருக்கே சொல்றாளேன்னு மேஜை மேல கிடந்த கத்தியை எடுத்துட்டேன். அவர் இன்னும் தான்தான் பூட்டைச் சரியா அமுக்கலைன்னு நினைச்சுக்கிட்டு இருக்கார். ஆறு வருஷமா எங்க போனாலும் பூட்டை மூணு தடவை இழுத்துப் பார்ப்பார். 'நானே விட்டுட்டேன், அவ போகணும்னு இருந்திருக்கு'ன்னுதான் இவளை மன்னிச்சார். நான் திறந்தேன்னு தெரிஞ்சா, அந்த மன்னிப்பு எங்க போய் நிக்கும்?"

"ஏம்மா என்கிட்ட சொல்லல?" என்றாள் மகள். "ஒரு தடவை, போன்ல…"

"போன் என்னைக்கு என் கையில இருந்துச்சு? எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டு அவர்தானே நடுவுல உக்காந்திருப்பார்."

"அவ்ளோ கத்தினியே அன்னைக்கு."

"நான் கத்தினாத்தானே அவர் நிம்மதியா தூங்குவார்? அவர் தூங்கினாத்தானே சாவியை எடுக்க முடியும்?"

ஒற்று தொண்டையைச் செருமினாள். இதைச் சொல்லாமல் விட முடியாது. சொல்லித் தொலைக்க வேண்டிய பிழை அவளுடையது.

"அம்மா, இவளுக்கு ஒண்ணும் தெரியாது. இவ எழுதினது 'அந்த நாள்ல'ங்கிற அன்னைக்கு. நான்தான் தாய்ன்னு படிச்சு ரெண்டு வரியா உடைச்சேன். என் தப்பு."

அம்மாவுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பைக்குள் கையை விட்டு ஒரு தாளை எடுத்தார். உள்ளே மற்ற நூற்றுப்பத்தொன்பதும் இருந்தன, ஓரம் ஒத்து, தையல் நூலால் கட்டி. எதையும் கிழிக்கவில்லை, கசக்கவில்லை. தாளில் இருந்த இரண்டு வரியை மறுபடியும் படித்தார்.

"அப்போ… இது எனக்குன்னு எழுதலையா?"

ஒற்று சுவரைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனையோ பிழைக்குத் திருத்தம் போட்டிருக்கிறாள். இதற்கு எந்த மையும் உதவாது.

மகள் எழுந்து வந்து அம்மாவின் காலடியில், பசை சிந்திய தரையில் உட்கார்ந்தாள்.

"யார் திறந்தாங்களோ அவங்களுக்குன்னு எழுதினேன். திறந்தது நீ. வேற யாருக்கும்மா அப்புறம்?"

3.40.

"பைண்டரை விடுங்க சார். பக்கத்துல பிழை. நான் செஞ்ச பிழை. அதனாலதான் எடுத்தது" என்றாள் ஒற்று.

"நூத்தியிருபதையுமா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?"

"ஆமா சார். சீட்டும் ஒட்ட வேண்டாம். எழுத்தாளரே வேண்டாம்னுட்டாங்க."

முதலாளி அவளை வாயில் வந்தபடி திட்டினார். அவள் நின்று கேட்டாள். பைண்டர் தூரத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவள் பின்னால் போட்டார்.

4.00.

அப்பா முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தார். புத்தகம் கைக்கு வந்ததும் சொன்னபடியே அட்டையிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். நாலாம் பக்கத்தில் நின்றார். வெட்டுக் கண்ணில் பட்டதா என்று பின்வரிசையில் இருந்த ஒற்றுக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் அம்மா நேராக உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, யாருக்குன்னு ஒண்ணும் போடலையே?" என்றார் மகளை நிமிர்ந்து பார்த்து. "எல்லாரும் போடுவாங்களே?"

மகள் அம்மாவைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துச் சொன்னாள்.

"போட்டேன்ப்பா. சேர வேண்டியவங்க கைக்குச் சேர்ந்துடுச்சு."