மூன்று கை பட்ட முதுகு

குடித்த காபி மூக்கு வழியாக வந்தது.

மகுடேஸ்வரன் சட்டையைத் துடைத்துக்கொண்டே மாடியைப் பார்த்து முகம் சுளித்தான். காபி போடக்கூடத் துப்பில்லாதவளைக் கட்டிக்கொண்டு இருபது வருஷம் ஓட்டியாகிவிட்டது. காபிக்கும் மூக்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் யோசிக்கவில்லை. தப்பு நடந்தால் அது அடுத்தவர் தப்பு. அவன் கணக்கு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை. நல்லூரில் மேலே வீடும் கீழே பனியன் யூனிட்டுமாக இருந்த அந்தக் கட்டடத்தில், உறை போட்ட தையல் மெஷின்களுக்கு நடுவே எண்ணெயும் துணித்தூசும் அயர்ன் ஆவியும் கலந்த வாடை அசையாமல் நின்றது. மாடியில் குக்கர் விசிலடித்தது. கடைசி வரிசையில் சபுரா பீவி மட்டும் திரும்பி வந்த பீஸ்களைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். அவள் மெஷின் ஓடி நிற்கும் ஒவ்வொரு முறையும், அந்த இடைவெளியில் தன் மூச்சுச் சத்தம் தனக்கே கேட்பதை மகுடேஸ்வரன் கவனித்தான். எரிச்சலாக இருந்தது.

இடுப்பு வலி இன்று இல்லை. அதில் அவனுக்குப் பெருமை. இரண்டு வருஷமாக நிமிர்ந்து படுக்கவிடாத வலி. கோயமுத்தூர் டாக்டரம்மா, இறுகிப்போன தசையை இளக்க போட்டாக்ஸ் ஊசி போட்டுவிட்டுச் சொன்னாள்: "பதினஞ்சு நாள் பொறுங்க. அடுத்த ஊசி மூணு மாசம் கழிச்சுத்தான். முழுங்கச் சிரமமா இருந்தா, இமை இறங்கினா, மூச்சு வாங்கினா, உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துடணும். இது விஷத்துல இருந்து எடுக்கற மருந்துங்க."

பதினைந்து நாளாம்! துணிக்குச் சாயம் போடும் டையிங்காரன் ஒருத்தன் இழுத்தடித்தால் துணி லாட்டைத் தூக்கி இன்னொரு டையிங்கில் போடுவதுதான் திருப்பூர்த் தொழில். இவனிடம் அவனைப் பற்றியும், அவனிடம் இவனைப் பற்றியும் மூச்சு விடக்கூடாது. முதுகை மட்டும் ஒருத்தியிடமே ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்க அவன் என்ன கேனையனா? நாலாம் நாள், முகச்சுருக்கம் எடுக்கும் கிளினிக்கில் இடுப்பைக் காட்டி அதே ஊசியைப் போட்டுக்கொண்டான். ஏழாம் நாள் இன்னொரு இடம். இரண்டு இடத்திலும் ஒரே பொய்: "இதுதானுங்க முதல் ஊசி." மனைவி சுபஸ்ரீயிடம் சொல்லவில்லை. அவளிடம் சொல்வதும் ஊருக்குத் தண்டோரா போடுவதும் ஒன்று.

இன்று பதினோராம் நாள்.

"மொதலாளி…" சபுரா பீவி பையை எடுத்துக்கொண்டு எதிரே நின்றாள். இரண்டு சபுரா பீவி. ஒருத்தி மேல் ஒருத்தி சரிந்து தெரிந்தார்கள். "ஒரு பக்கத்து இமை தொங்குதுங்க. பேச்சும் மூக்கால வருது. மேல போய் அக்காவைக் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க."

"ஏம்மா, டைலர் வேலைய உட்டுட்டு டாக்டராயிட்டயா?" என்றான். குரல் தகரத்துக்குள்ளிருந்து வந்தது போலிருந்தது. "கெளம்பு."

"சொல்றத சொல்லிட்டேன். அல்லா பாத்துக்குவான்." செருப்புச் சத்தம் தேய்ந்து வாசலைத் தாண்டியது.

எச்சில் விழுங்கப் பார்த்தான். அது இறங்கவில்லை. வாயோரமாக வழிந்தது.

அப்போதுதான் டாக்டரம்மா சொன்னது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. விழுங்கச் சிரமம். இமை. மூன்றாவதைச் சொல்லிப் பார்க்க அவன் விரும்பவில்லை. மாடிப்படி இருபது அடி தூரத்தில் இருந்தது. மேலே போனால் போதும், சுபஸ்ரீ ஆட்டோ பிடித்துவிடுவாள். ஒரு அடி வைத்தான். தலை மார்பின் மேல் கவிழ்ந்தது, காம்பு ஒடிந்த காய் மாதிரி. கையால் தாடையைத் தாங்கித் தூக்கினான். கையும் இறங்கியது. கட்டிங் டேபிளில் விரித்திருந்த துணி அடுக்கின் மேல் சாய்ந்து, புரண்டு, மல்லாந்தான்.

துணி மெத்தென்று இருந்தது. முதுகு துளிகூட வலிக்கவில்லை.

"சுபா!"

காற்று மட்டும் வந்தது.

போன் கால்மாட்டில் கிடந்தது. விரல் நகர்ந்தது. கை நகரவில்லை.

மேலே குக்கர் அடங்கியது. படிகளில் கொலுசு. வருகிறாள். வந்துவிட்டாள். முட்டாள் ஜென்மம், ஓடி வந்தால் என்ன?

"ஏனுங் மாமா, சாப்பிட…"

நின்றுவிட்டாள். பாதி மூடிய இமைகளின் கீற்றில் அவள் முகம் இரண்டாகத் தெரிந்தது. இரண்டும் மலர்ந்தன.

"மாமா…" புடவைத் தலைப்பால் அவன் வாயோரத்தை ஒற்றி எடுத்தாள். குழந்தைக்குத் துடைப்பது போல. பிறகு தள்ளி நின்று போனில் தங்கையிடம் கிசுகிசுத்தாள். "அமராவதி, உங்க மாமா நேராப் படுத்துத் தூங்கறாருடி! ரெண்டு வருஷமாச்சு இப்படிப் பாத்து… ஆமா, ஒரு முனகல் இல்ல. முகத்துல ஒரு சுளிப்பு இல்ல. எனக்கு அழுகையே வந்திருச்சு போ."

பார். என்னைப் பார். மூச்சைப் பார்.

முகம் சுளிக்க முயன்றான். இருபது வருஷம் அவளைப் பார்த்துச் சுளித்த முகம். அசையவில்லை.

"இல்லடி, எழுப்ப மாட்டேன். எத்தன நேரமானாலும் தூங்கட்டும். நானும் இங்கயே உக்காந்துக்கறேன்."

ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஈ ஒன்று அவன் உதட்டில் உட்கார்ந்தது. அவள் விரட்டினாள். மறுபடி உட்கார்ந்தது. துணி அடுக்கின் மேல் மடிப்பை மெல்ல இழுத்து, அவன் முகத்தின் மேல் போர்த்தினாள்.

வெள்ளை.

துணி உள்ளே வந்தது. வெளியே போனது.

உள்ளே. வெளியே.

அவள் உள்ளங்கை அவன் மார்பில் விழுந்தது. தட்டிக்கொடுத்தாள்.

உள்ளே.

துணி மூக்கில் ஒட்டிக்கொண்டது. வெளியே போகவில்லை. இழை இழையாக அதன் பின்னல் அவன் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"தூங்குங்க மாமா," என்றாள் சுபஸ்ரீ. தட்டிக்கொண்டே இருந்தாள்.