டோல்மாவைத் தேடிய பதினோரு நிமிடங்கள்

"இன்றைக்குக் கணவாயைத் தாண்டிவிட்டால் பயிற்சி முடிந்தது!" என்று டோல்மா இந்தியில் சொன்னதை மதினி செண்பகம் தமிழில் சொன்னதும் இசக்கி பையை முதுகில் மாட்டினாள்.

லடாக் பனிமலையில் அது பத்தாவது நாள். இசக்கியும் அவள் அண்ணன் மனைவி செண்பகமும் பனிச்சறுக்கு மலையேற்றம் கற்கத் திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தார்கள். பயிற்சியாளர் டோல்மாவுக்கும் இசக்கியின் வயதுதான். ஆனால் இரக்கமே கிடையாது! வழுக்காத பட்டையை ஸ்கீ எனும் சறுக்குப் பலகையின் அடியில் ஒட்டிக்கொண்டு ஏற வேண்டும். செங்குத்தில் காலை வீசித் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும்விடக் கொடுமை, பனிக்குள் புதைத்து வைத்த சிக்னல் கருவியைத் தேடுவது. ஒவ்வொருவர் மார்பிலும் அப்படி ஒரு கருவி சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும்; தேடும் நிலைக்கு மாற்றினால் மற்றவரின் சிக்னலைப் பிடிக்கும். "மறுபடியும்!" என்பாள் டோல்மா.

"இவளுக்கு வேற வேலையே இல்லயா மதினி?" என்று இசக்கி தினமும் புலம்பினாள்.

காலை பத்து மணிக்குக் கணவாயின் கீழே அகலமான வெள்ளைச் சரிவு ஒன்று வந்தது. டோல்மா கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"நான் முதலில் போகிறேன். அந்தப் பாறையை நான் அடையும்வரை யாரும் அசையக் கூடாது!"

பாதி தூரம்தான் போயிருப்பாள். 'தொம்' என்று ஒரு சத்தம். சரிவு முழுக்க விரிசல் ஓடியது. மறுகணம் மலையே உரிந்து வருவதுபோல் பனி பாய்ந்து இறங்கியது. டோல்மாவைக் காணவில்லை!

"ஐயோ, ஆளக் காணோமேட்டி!" என்று அலறினாள் செண்பகம்.

கால் மணி நேரம் தாண்டினால் பனிக்குள் உயிர் தங்குவது அரிது. இசக்கி முதலில் மேலே பார்த்தாள். இனி விழ எதுவும் மிச்சமில்லை. செண்பகத்தோடு சர்ரென்று சறுக்கி இறங்கி, மார்பில் கட்டியிருந்த கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றினாள். ஆறு மீட்டர் என்று காட்டியது. இவ்வளவு பக்கத்திலா? சட்டென்று பொறி தட்டியது.

"மதினி! இது ஒங்க சிக்னலு! ஒங்க கருவிய மாத்துங்க, சீக்கிரம்!"

செண்பகம் கையுறையைக் கழற்றிவிட்டு மாற்றினாள். திரை வெறுமையானது. இருவரும் வளைந்து வளைந்து இறங்க, டோல்மாவின் சிக்னல் கிடைத்தது. நாற்பது... முப்பத்தொன்று... பதினெட்டு... நான்கு! இசக்கி மண்டியிட்டுக் கருவியைப் பனியோடு ஒட்டி நகர்த்தினாள். ஒன்றுக்குக் கீழே எண் இறங்கவே இல்லை; ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கிறாள்! நீளக் கம்பியை விரித்துக் குத்தினாள். ஒன்றுமில்லை. தள்ளிக் குத்தினாள். ஆறாவது குத்தில் மெத்தென்று முட்டியது.

"இங்கதான்! தோண்டுங்க மதினி!"

இரண்டு மண்வாரிகளும் பறந்தன. மூச்சு இரைத்தது, உள்ளங்கை கிழிந்தது. முதலில் நீலக் கையுறை மாட்டிய கை தெரிந்தது, பிறகு முகம். வாயிலிருந்த பனியை இசக்கி விரலால் வழித்தெடுத்தாள். டோல்மா இருமினாள்!

செண்பகம் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு நிமிடம். "நல்லாருப்ப தாயி" என்று டோல்மாவின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டோல்மாவின் இடது தோள் பிசகியிருந்தது. மஃப்ளரால் கையைக் கட்டினார்கள். திரும்பிப் போனால் முகாமுக்கு ஒரு நாள். கணவாய்க்கு அப்பாலோ ஒரு மணி நேரத்தில் டோல்மாவின் ஊர். "இசக்கி, நீ முன்னால் போ" என்றாள் டோல்மா.

இசக்கி வழி பார்த்தாள். பனி ஏற்கெனவே சரிந்து முடிந்த தடத்தை ஒட்டியே ஏறினாள். மறுபக்கம் ஆபத்தான சரிவுகளை விட்டு விலகி, பாறை முதுகு வழியாக இருவரையும் இறக்கினாள். நண்பகலில் மூவரும் ஊருக்குள் நுழைந்தார்கள்!

ஊர்ச் செவிலியர் டோல்மாவின் தோளைச் சரிசெய்தார். டோல்மாவின் கணவன் நாம்கியால் ஓடி வந்து, மரியாதைக்குப் போடும் வெள்ளைத் துண்டை இசக்கியின் கழுத்தில் போட்டான். அவள் அதைக் கழற்றி டோல்மாவுக்கு அணிவித்தாள்.

"மதினி, எனக்கு இந்தி வராது. நீங்க சொல்லுங்க. தேடுனது நாங்க, தேடக் கத்துக் குடுத்தது இவுக. சலிச்சுக்கிட்டே கத்துக்கிட்டதுக்கு மன்னிப்பும் கேட்டேன்னு சொல்லுங்க."

செண்பகம் சொன்னாள். டோல்மா நல்ல கையை நீட்டி இசக்கியை இழுத்து அணைத்துக்கொண்டாள்.