செயுன் காதில் இருந்த இயர்ஃபோன்

காலை 10.40. இன்சோன் துறைமுகத்தை ஒட்டிய பொதிக் கிடங்கின் ஏழாவது சந்தில் பியோ செயுன் செத்துக் கிடந்தான். பின்னோக்கி வந்த ஃபோர்க்லிஃப்ட் அவனை இரும்பு அலமாரியோடு சேர்த்து நசுக்கியிருந்தது. இரண்டு காதிலும் இயர்ஃபோன்.

"பாருங்க மேடம்," என்றார் மேற்பார்வையாளர் தாக். "உள்ள வரும்போது காதுல எதையும் மாட்டாதீங்கன்னு தலபாடா அடிச்சுக்கறேன். இப்படி அடைச்சுக்கிட்டா எமன் வந்து கூப்பிட்டாக்கூடக் கேக்காது."

இன்ஸ்பெக்டர் பாங் ஹேரின் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தாள். நல்ல இயர்ஃபோன்தான். தினமும் மெட்ரோ இரைச்சலை அடைக்க அவளும் இதே ஜாதியைத்தான் மாட்டுகிறாள். ஒயர் காதுமடலுக்கு மேலாகச் சுற்றிப் பின்னால் இறங்கியிருந்தது. முறைப்படி அப்படித்தான் மாட்ட வேண்டும். முனையில் நுரைப்பஞ்சு. ஆனால் பஞ்சு முழுதாக உள்ளே போகவில்லை, பாதி வெளியே பிதுங்கிக்கொண்டு நின்றது.

ஒன்றை மெல்ல உருவினாள். செயுனின் இமையில், காதுமடலில், சட்டைக் காலரில் எல்லாம் அட்டைப்பெட்டித் தூசி சாம்பல் மாதிரி படிந்திருந்தது. பஞ்சில் ஒரு பொட்டுத் தூசி இல்லை. முகர்ந்தாள். ஆஸ்பத்திரி வாடை.

வண்டியை ஓட்டியவன் மரத்தட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"பேரு?"

"ஓக் சாங்மின்."

"இவரைத் தெரியுமா?"

"என் ஃப்ரெண்டு மேடம். ஞாயித்துக்கிழமையானா ரெண்டு பேரும் இயர்ஃபோன் கடையிலதான் கிடப்போம். ஒண்ணும் வாங்க மாட்டோம். ஒவ்வொண்ணா மாட்டிக் கேட்டுட்டு வந்துருவோம். கடைக்காரருக்கு எங்களப் பாத்தாலே வயித்தெரிச்சல்."

"ரிவர்ஸ் அலாரம் அடிச்சுதா?"

சாங்மின் தாக்கின் முகத்தைப் பார்த்தான். "அடிச்சுது."

"அவருக்குக் கேக்கலையா?"

"அவன்தான் காதுல மாட்டியிருந்தானே."

"விழுந்ததும் பக்கத்துல யாரு இருந்தா?"

"எங்க தலைவர் தாக் ஓடி வந்தாரு. ஆம்புலன்ஸக் கூப்பிட ஆபீஸுக்குப் போயிட்டாரு. நான் இவன் கூடவே இருந்தேன்."

அந்தச் சந்தில் கேமரா இல்லை.

மறுநாள் காலை 11.00. ஆஸ்பத்திரியின் இரங்கல் கூடம். செயுனின் அக்கா மியோங்ஹி, துக்க அடையாளமாகக் கூந்தலில் வெள்ளை நாடா குத்தி, வந்தவர்களுக்குக் காரமான மாட்டிறைச்சி சூப் வைத்துக்கொண்டிருந்தாள். சாங்மின் கோட்டைக் கழற்றிவிட்டுத் தட்டுகளை அள்ளிக்கொண்டிருந்தான்.

ஹேரின் அவளை ஓரமாக அழைத்தாள்.

"கம்பெனிக்காரங்க வந்தாங்க," என்றாள் மியோங்ஹி. "விபத்து அறிக்கையில 'இறந்தவரின் கவனக்குறைவு'ன்னு எழுதப் போறாங்களாம். எங்கம்மா அதைக் கேட்டுட்டு நேத்துலேருந்து அவனத்தான் திட்டுது. செத்துப்போன புள்ளைய! பாட்டுக் கேட்டுச் செத்த பயலேன்னு படத்தப் பாத்துத் திட்டுது. மேடம், அவன் கிடங்குக்குள்ள மாட்டவே மாட்டான். 'நடந்து வேலை செய்யறவனுக்குக் காதுதான்க்கா பின்னாடி இருக்கற கண்ணு'ம்பான். பஸ்ல மட்டும்தான் மாட்டுவான்."

"நிச்சயமாத் தெரியுமா?"

"எலிக்காதுடா உனக்குன்னு கிண்டல் பண்ணுவேன். பொட்டியில வர்ற பஞ்சு எதுவும் அவனுக்குச் சேராது. அதுல இடது காது இன்னும் சின்னது. கடை கடையா அலைஞ்சு, இடதுக்கு ஒரு அளவு, வலதுக்கு ஒரு அளவுன்னு தனியா வாங்குவான். இவ்வளவு பாக்கறவன் உயிர் விஷயத்துல பாக்க மாட்டானா?" அவள் ஹேரினின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எங்களுக்கு வேற எதுவும் வேணாம். அந்த ஒரு வரிய மாத்திக் குடுங்க. எங்கம்மா அவனத் திட்டாம அழணும்."

பிற்பகல் 3.00. காவல் நிலையம். சாங்மின் எதிரில் உட்கார்ந்திருந்தான்.

"உங்க இயர்ஃபோனக் கொண்டு வந்தீங்களா?"

பையிலிருந்து எடுத்து வைத்தான். அதே மாடல்.

"ரெண்டு பேரும் ஒண்ணே வெச்சிருந்தீங்களா?"

"இதை எனக்குத் தேடிக் குடுத்ததே அவன்தான் மேடம். கன்வேயர் சத்தத்துல எனக்குக் காது ராத்திரியெல்லாம் கொய்ங்னு இரையும். கம்பெனியில காதடைப்பான் கேட்டா சிரிக்கறாங்க. மூணு ஞாயிறு உக்காந்து ஒவ்வொண்ணா மாட்டிப் பாத்து, 'இதை எடுத்துக்கடா, வேலைக்கும் ஆச்சு, வீட்டுக்கும் ஆச்சு, இடி விழுந்தாலும் கேக்காது'ன்னான்."

"கடைசியா எப்பக் கேட்டீங்க?"

"இன்னிக்குக் காலையில. பஸ்ல."

"போட்டுக் காமிங்க."

"இப்பவா?"

"இப்ப."

பஞ்சை விரலிடுக்கில் உருட்டி ஒல்லியாக்கி, காதுக்குள் செருகி, விரலால் அழுத்திப் பிடித்தான். பழகிய கை. விட்டதும் இடது பக்கம் நழுவி மேஜையில் விழுந்தது. மறுபடி செருகினான். மறுபடி விழுந்தது. வலது பக்கமும் அப்படியே. மூன்றாம் முறை அவன் முயலவில்லை.

"அது செயுனோடது," என்றாள் ஹேரின். "இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு. அவரு லாக்கர்ல தொங்கின கோட்டுப் பையிலேருந்து எடுத்தீங்க. அவரு காதுல பாதி பிதுங்கி நின்னது உங்களோடது. வண்டி ஓட்டும்போது மாட்டியிருந்தது நீங்கதான்."

"தலைவர் மாட்டி விட்டிருக்கலாமே..."

"எனக்கும் முதல்ல அவரு மேலதான் சந்தேகம். ஆனா பஞ்சை உருட்டணும், ஒயரைக் காதுக்கு மேல சுத்தணும்னு அவருக்கு எங்க தெரியும்? அவரு செருகியிருந்தா ஒயர் சும்மா தொங்கியிருக்கும். அதுகூடப் பெருசு இல்ல. அந்தத் தூசியில வேலை செய்யற ஆளோட பஞ்சு எப்படி அவ்வளவு சுத்தமா இருந்துச்சு? ஸ்பிரிட் வாடை எங்கிருந்து வந்துச்சு? இயர்ஃபோன் கடைக்குப் போறவங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தன் காதுல இருந்ததை அடுத்தவன் கையில குடுக்கறதுக்கு முன்னால ஸ்பிரிட் துணியால துடைப்பாங்க. ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை செஞ்ச கை அது. செத்துப்போன சிநேகிதனுக்கு மாட்டும்போதும் துடைச்சிட்டீங்க, சாங்மின்."

அவன் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துடைச்சேனா?" என்றான் கடைசியில். "எனக்கு ஞாபகமே இல்ல மேடம்."

அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னான். அலாரம் அடிக்கவில்லை. எதிர் அடுக்குமாடிக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்ததால், கோடையிலேயே தாக் எல்லா வண்டிகளிலும் அலாரம் ஒயரைப் பிடுங்கிவிட்டிருந்தார். அவர் ஆபீஸுக்கு ஓடும்போது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் ஓடினார்: 'உன் காதுல இருக்கறத எவனாவது பாத்தா ஜெயில்தான்டா.' அவ்வளவுதான் சொன்னார். மீதியை இவன் செய்தான்.

மாலை 5.00. ஹேரின் கிடங்குக்குப் போனாள். தாக் அவளைக் கண்டதும் தானே அந்த ஃபோர்க்லிஃப்டில் ஏறிப் பின்னோக்கி எடுத்தார். அலாரம் காதைக் கிழித்தது.

"என்னிக்கும் இப்படித்தான் மேடம் அடிக்கும்," என்றார் கத்தி. "சந்தேகம்னா பசங்களக் கேளுங்க."

பசங்களைக் கேட்டாள். ஒருவர் விடாமல் தரையைப் பார்த்துக்கொண்டு, அடிக்கும் என்றார்கள். எல்லோருக்கும் மாதக் கடைசியில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

அரசு வழக்கறிஞர் போனில் சுருக்கமாக முடித்தார். "அலாரம் அடிச்சுதுன்னு சம்பவ இடத்துலயே வாக்குமூலம் குடுத்தவன் அவன். பொணத்துக்கே இயர்ஃபோன் மாட்டினவன். இப்ப அடிக்கலங்கறான். எந்த நீதிபதி நம்புவாரு?"

ஆக, அந்த ஒரு வரி மாறியது. 'இறந்தவரின் கவனக்குறைவு' என்று இருந்த இடத்தில் 'ஓட்டுநரின் கவனக்குறைவு' என்று வந்தது. கம்பெனியின் பேர் எங்கேயும் இல்லை.

மாலை 6.00. மியோங்ஹி துக்க உடையோடே நிலையத்துக்கு வந்தாள். ஹேரின் சொன்னதை முழுதும் நின்றபடியே கேட்டாள். பிறகு கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த சாங்மினிடம் போனாள். அடிக்கப் போகிறாள் என்று ஹேரின் ஓரடி முன்னால் வைத்தாள். அவள் அடிக்கவில்லை.

"கத்தினானாடா?"

"தெரியலக்கா."

"உன்னப் பேர் சொல்லிக் கூப்பிட்டானா?"

"தெரியலக்கா. எனக்கு ஒண்ணுமே கேக்கல."

அவள் கைப்பையில் போன் அடித்தது. எடுத்தாள்.

"அம்மா... ஆமாம்மா. எழுதிட்டாங்க. அவன் மேல தப்பே இல்லையாம். அவன் காதுல மாட்டவே இல்லையாம்மா. இனிமே திட்டாத."

மறுமுனையில் அழுகை வெடித்து வெளியே கேட்டது. வெகு நேரம் கழித்து அது ஓய்ந்து, மூக்குறிஞ்சிய குரல் ஒன்று வந்தது. அமைதியான அந்த அறையில் மூன்று பேருக்கும் தெளிவாகக் கேட்டது.

"சாங்மின் எங்கடி? ரெண்டு நாளா அந்தப் புள்ள ஓடி ஓடி வேலை பாக்குது, வாயில ஒரு பருக்கை வெக்கல. நாளைக்குச் சவப்பெட்டிக்கு முன்பக்கம் தோள் குடுக்க அவன விட்டா ஆரு இருக்கா? பாத்தா கையோட கூட்டிட்டு வந்துரு."