மூடி இல்லாத பானை

"நீர், நம் பிழைகளை மன்னிக்கும் தாய்!" என்று குளக்கரை மேடையில் முழங்கினார் ரிப்னித்சா நகரத் தலைவர் ராடோவான். தாயின் நாற்றம் தாங்காமல், முழங்கும்போதே மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அது வசந்த காலத்தில். செக் நாட்டின் தெற்கு போஹேமியப் பகுதியிலிருந்த அந்தக் குளத்தில் கெண்டை மீன்களே மூச்சுத் திணறிக்கொண்டிருந்தன. மேலே பாசி, கீழே சேறு. எதிர்க்கட்சிக்காரர்கள் இயந்திரம் விட்டுத் தோண்டச் சொன்னார்கள். தலைவர் இயற்கை வழிதான் என்று அடம்பிடித்தார்: சேற்றைத் தின்னும் நுண்ணுயிர்ப் பொடி, பாசியை அடக்கும் பார்லி வைக்கோல் கட்டுகள். வாய் சும்மா இருக்காமல், கோடை விழாவில் தானே முதல் ஆளாக நீந்துவதாகச் சத்தியமும் செய்தார். நீந்தாவிட்டால் பதவியை விட்டுவிடுவாராம்.

விழாவுக்கு முந்தின சாயங்காலம் குளத்தைப் பார்க்க வந்தார். பொடி போட்ட பொறியாளர் யிட்கா படித்துறையில் குந்தியிருந்தாள். தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. ஒரு வாத்துகூட இல்லை. ஈர மண்ணின் வாசம் மட்டும் அடித்தது.

"ஜமாய்ச்சுட்டீங்கம்மா!"

"மெதுவாப் பேசுங்க தலைவரே. கீழ பாருங்க."

அடித்தரையில் வரிசையாக மண்பானைகள். பெரும்பாலும் மூடியிட்டு.

ஒன்றின் மூடி லேசாக எழுந்து, ஒரு குமிழை விட்டுவிட்டு அமர்ந்தது.

தலைவர் ஒரு படி பின்வாங்கினார். மூழ்கினவர்களின் உயிரைக் குளத்துப் பூதமான பச்சைக்கோட்டுக்காரன் பானையில் மூடிவைப்பான் என்பது, அந்த ஊரில் பிள்ளைகளை அதட்டித் தூங்கவைக்கும் கதை.

"படிகிட்ட ஒண்ணு திறந்திருக்கே?"

"காலிப் பானை. காலையில அது நடுக்குளத்துல இருந்துச்சு."

"யாருக்காம்?"

"நாளைக்கு யாரு நீந்துறது தலைவரே, நானா?"

அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. வெளிச்சம் மறைவதற்குள் வாத்துப் பண்ணைக் கழிவைத் தள்ளுவண்டியில் உருட்டிவந்து, தான் சுத்தம் செய்வித்த குளத்தில் தானே கொட்டினார். குளம் கலங்கினால் விழா தள்ளிப்போகும். பதவியும் தப்பும், உயிரும் தப்பும்.

தண்ணீர் கறுத்தது.

அவர் நெற்றியைத் துடைத்து முடிப்பதற்குள் தெளிந்தது.

"உங்க பொடி... பலே பொடிம்மா."

"என் பொடி இதைத் தின்ன மாசக்கணக்காகும்," என்று கிசுகிசுத்தாள் யிட்கா. "யாரோ பெருக்குறாங்க. வீட்டுக்கு விருந்தாளி வர்ற மாதிரி."

மறுநாள் ஊரே பீர்க் குவளையோடு கரையில் கூடியது. வாத்தியக்குழு, பாதிரியார், முன்வரிசையில் எதிர்க்கட்சிக்காரர் போஹுஸ்லாவ்.

"என்ன தலைவரே, யோசனை? தண்ணி கடிக்குமா? பயமா இருந்தா நாற்காலியை இப்பவே குடுத்துடுங்க!"

நீல நாடா கட்டிய நீச்சல் கால்சட்டையோடு தலைவர் இறங்கினார். முழங்கால். இடுப்பு. வாத்தியம் உச்சத்துக்குப் போனது.

கீழே, விரல்கள்.

குளிர்ந்த, வழவழத்த, அவசரமே இல்லாத விரல்கள். கணுக்கால், தொடை என்று தடவிக்கொண்டே ஏறி, இடுப்பில் இறுகின.

இழுத்தன.

தலைவர் அலறிக்கொண்டு படிக்கம்பியைப் பற்றி எம்பினார். ஏதோ வழுக்கிக் கழன்றது. நாலுகால் பாய்ச்சலில் மேடைக்கே ஏறிவிட்டார்.

வாத்தியம் நின்றது. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"பார்த்தீங்களா? நீங்களும் பார்த்தீங்கதானே?"

"பார்த்தோம்," என்றார் பாதிரியார், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

யிட்கா மட்டும் தண்ணீரைக் காட்டினாள்.

படிகிட்ட இருந்த அந்தக் காலிப் பானை இப்போது மூடியிருந்தது. உள்ளே எதுவோ மூச்சு விடுவதுபோல் மூடி எழுந்து எழுந்து அமர்ந்தது. அதன் விளிம்பில் சிக்கி, நீல நாடா ஒன்று அசைந்துகொண்டிருந்தது.

தலைவர் குனிந்து பார்த்தார். இடுப்பில் ஒன்றும் இல்லை.