குப்பைக்குழிச் சுரைக்காய்

“முழுக் காயையுமா குழியில எறிஞ்ச?”

காலை ஆறரை மணிக்கே ஆபிரகாமின் குரல் கொல்லையிலிருந்து வாசல்வரை அதிர்ந்தது. மராத்திக்காரர் ஊரான நிக்டியில் எல்லாம் வரிசை வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாள் துணி காயப்போடுவதை நிறுத்திவிட்டு மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

மூத்த மருமகள் பாக்கியவதி கத்தியைக் கீழே வைத்தாள். “கசக்குது மாமா. ஒரு துண்டு நாக்குல வச்சேன், நாக்கே சுருண்டு போச்சு. இது பேய்ச்சுரை. விஷம்!”

“கசந்தா விஷமா? பாவக்கா கசக்கல? வேப்பங்கொழுந்து கசக்கல? சர்க்கரை வியாதிக்காரனுக்குக் கசப்புதாம்மா மருந்து!”

“பாவக்கா கசக்கலாம். சுரைக்கா கசக்கவே கூடாது மாமா…”

“எனக்குப் பாடம் எடுக்காத! கர்த்தர் தந்த காயைக் குப்பையில போட உனக்கு யாரு அதிகாரம் குடுத்தா?”

அதோடு பேச்சு முடிந்தது. மாமனார் சபை மூப்பர். அவர் பேசியபின் அந்த வீட்டில் யாரும் பேசுவதில்லை. சின்ன மருமகள் ரோஸ்லின் மட்டும், ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அடுக்களை வாசலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தக் கொடியைப் பாக்கியவதி நட்டதே இல்லை. பதினாலு வருஷமாக அந்தக் கொல்லையில் அவள் நடாமல் எதுவும் முளைத்ததில்லை. மழைக்கு வெண்டையும் பீர்க்கும், பனிக்கு வெந்தயக்கீரையும் தக்காளியும், கோடையில் அரிசி கழுவின தண்ணீரை ஊற்றியாவது நாலு கத்தரிச்செடி. பறித்ததை அன்றைக்கே சமைத்து ஆறு வயிற்றை நிரப்பியவள் அவள். அந்த ஆறில் மாமியாரின் வயிறு போன வருஷம் அடங்கிவிட்டது. இந்தச் சுரை மட்டும் குப்பைக்குழி ஓரத்தில் தானாக முளைத்தது. பிடுங்கப் போனவளைத் தடுத்தவரும் மாமாதான். மே மாத வெயிலில் மற்றச் செடியெல்லாம் வாட, இது மட்டும் மதிலேறிக் கொழுத்தது. 

மறுநாள் காலை அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது நார்மன் சைக்கிளில் பறந்து வந்தான். கொழுந்தன் முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணி! அப்பா ரத்தமா வாந்தி எடுக்காரு!”

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, காலையில் என்ன குடித்தார் என்பது. சுரைக்காய்ச் சாறு என்றதும் அவர் முகம் மாறியது. கசப்புச் சுரை என்றால் பிழைப்பதே கடவுள் செயல், இரண்டு நாள் போகட்டும், மனதுக்கு எந்த அதிர்ச்சியும் கொடுக்காதீர்கள் என்றார்.

பாக்கியவதிக்கு ஒன்றும் புரியவில்லை. யார் பிழிந்தது? தினமும் அவருக்குச் சுரைச்சாறு பிழிந்து வைக்கிறவள் அவள்தான்; இன்றைக்குக் காய் இல்லை என்று அவள் பிழியவே இல்லையே!

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு ஓடியவள், நேரே குழிக்குப் போனாள். மேலே போட்ட மண் கிளறிக் கிடந்தது. சுற்றிலும் மாமாவின் ஊன்றுகோல் முனை பதிந்த ஓட்டைகள். காய் இல்லை. மாமாவின் கட்டிலுக்கு அடியில் ஈரத்துணியில் பிழிந்த சக்கை. அட பாவி மனுஷா! ஊருக்கெல்லாம் வேதம் சொல்கிற மூப்பர், விடியுமுன் குப்பைக்குழியைக் கிளறியிருக்கிறார்!

சக்கையைக் கொண்டுபோய் ஆழமாகப் புதைத்தாள். மாமா எழுந்து வந்து தானே சொல்லட்டும், இந்த அவமானத்தை நாம் கடைவிரிக்க வேண்டாம் என்று நினைத்தாள். மண்ணைத் தட்டிவிட்டு நிமிர்ந்தபோது ஜன்னலில் ரோஸ்லின் நின்றிருந்தாள்.

மூன்றாம் நாள் ஆபிரகாம் கண் திறந்தார். கட்டிலைச் சுற்றிப் பிள்ளைகள். கால்மாட்டில் பாக்கியவதி.

“யாருப்பா சாறு குடுத்தது?” மூத்தவன் இன்பநாதன் கேட்டான். அவள் புருஷன்.

கிழவரின் கண்கள் மருமகளைத் தொட்டன. உடனே விலகின.

“எப்பவும் போல… மேசையில டம்ளர் இருந்துச்சு. எடுத்துக் குடிச்சேன்…”

 தினமும் மேசையில் டம்ளர் வைக்கிறவள் பாக்கியவதிதானே! வாயைத் திறந்தாள். டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டாள். நாளைக்குச் சொல்லுவார். மனுஷன் பயந்திருக்கிறார், நாளைக்குச் சொல்லிவிடுவார்…

நாளை வந்தது. மறுநாளும் வந்தது. அவர் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தபின்பும் சொல்லவில்லை.

சொன்னது ரோஸ்லின்தான், மூத்தவனிடம். பக்கத்து ஊர் கட்கியில் பிறந்து வளர்ந்தவள், தமிழ் பாதி, இந்தி பாதி.

“சச் பேசுறேன் பாய்சாப், உண்மையா நான் கண்ணால பாத்தேன். அக்கா மண்ல ஏதோ சுபாகே, ஒளிச்சு வச்சாங்க. முதல் நாள் அவங்கதானே சொன்னாங்க, விஷம்னு? தெரிஞ்சே…” மேலே சொல்லாமல் வயிற்றைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“அண்ணி, அப்பா திட்டினதுக்கு இப்பிடியா?” என்று கத்தினான் நார்மன். “உங்களுக்கு அது விஷம்னு தெரியும்லா? தெரியாதவ செஞ்சா தப்பு. தெரிஞ்சவ செஞ்சா கொலை!”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதானே! ருசி பார்த்துச் சொன்ன நாக்கே அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.

உண்மை மாமா வாயாலேயே வரட்டும் என்று அவள் புருஷனை மட்டும் பார்த்தாள். ஒரே ஒரு வார்த்தை போதும். ‘என் பெஞ்சாதி அப்பிடிச் செய்யமாட்டா’ என்று ஒரே வார்த்தை.

இன்பநாதன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டான். “எனக்கு ஷிப்ட் இருக்கு. கேன்டீன்ல சாப்பிட்டுக்கிடுதேன்.”

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவள் கையால் சாப்பிடவில்லை. ரோஸ்லின் மூச்சு வாங்கச் சமைத்தாள். பாக்கியவதி பறித்து வைத்த கத்தரிக்காய் கூடையிலேயே சுருங்கியது. தண்ணீர் மொண்டு கொடுத்தால்கூட டம்ளர் அப்படியே நின்றது. மாமா அறைக்கு அவள் போனால் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். எட்டாம் நாள் இன்பநாதன் மெட்ராஸ் ரயிலுக்கு ஒரே ஒரு டிக்கெட்டை மேசைமேல் வைத்தான்.

“கொஞ்ச நாள் உங்கம்மா வீட்டுல இரு.”

“எத்தனை நாள்?”

அவன் ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான்.

பதினோராம் நாள் காலை. வாசலில் ஆட்டோ நின்றது. அந்த வீட்டிலிருந்து யார் பிரயாணம் போனாலும் பெரியவர் தலையில் கைவைத்து ஜெபம்பண்ணித்தான் அனுப்புவார். அது பாக்கியவதி வந்த நாளுக்கு முன்பிருந்தே வழக்கம். கொலைகாரி என்று பேர் வாங்கினவளுக்கும் வழக்கம் வழக்கந்தானே! முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முழங்காலிட்டாள். எல்லோரும் கண்ணை மூடினார்கள்.

ஆபிரகாம் அவள் தலைமேல் கை வைத்தார்.

“ஆண்டவரே… இந்தப் பிள்ளையைப் பத்திரமா… கொண்டுபோய்…”

நின்றுவிட்டது.  நோய் திரும்பிவிட்டதோ என்று நார்மன் கண்ணைத் திறந்தான். கிழவரின் முகமெல்லாம் கண்ணீர்.

“முடியல ஆண்டவரே… இவ தலையில கைய வச்சுக்கிட்டு என்னால பொய் சொல்ல முடியல! குழியில இருந்து நான்தான் எடுத்தேன். துருவிப் பிழிஞ்சு நான்தான் குடிச்சேன். மருமக சொல்லைக் கேட்டா மானம் போயிரும்னு நெனச்சேன். குப்பையைக் கிண்டுனேன்னு சொன்னாலும் மானம் போயிரும்னு நெனச்சேன்…”

“அப்பா!” என்று இரண்டு பிள்ளைகளும் ஒரே குரலில் கத்தினார்கள்.

“இவ சக்கையைப் பாத்து அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டா. நான் செத்துருவேன்னு வாயை மூடிக்கிட்டா. நான் உயிரோட எந்திரிச்சும் வாயை மூடிக்கிட்டேனே பாவி!”

ரோஸ்லின்தான் முதலில் ஓடி வந்தாள். “அக்கா… மாஃப் பண்ணிருங்க அக்கா…” கழுத்தைக் கட்டிக்கொண்டு விம்மினாள். பாக்கியவதி அவள் முதுகைத் தடவினாள். “அழாத பிள்ளே, வயித்துல இருக்கிறது பயந்திரும்.” நார்மன் தலையைத் தூக்கவே இல்லை. மாமனாரைக் கைபிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள் அவள். “உயிரோட இருக்கியளே மாமா. அது போதும்.”

இன்பநாதன் வாசலுக்குப் போனான். “வண்டியைத் திருப்பி அனுப்பிருதேன் பாக்கியம்…”

“நிக்கட்டும்.”

திரும்பிப் பார்த்தான். அவள் அழவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

“மாமா மானத்துக்குப் பயந்தாவ, பேசல. ரோஸ்லின் வயித்துப்பிள்ளைக்குப் பயந்தா, பேசிட்டா. நீங்க பதினாலு வருஷம் என் கையால தின்னவிய… எதுக்குப் பயந்திய?”

அவன் வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டான். 

“நான் போறேன். பிரசவத்துக்கு இங்க இருப்பேன், ரோஸ்லின் கவலைப்பட வேண்டாம். ஆனா நீங்க வந்து கூப்பிடணும். எங்கம்மா, எங்க அண்ணன்மாரு எல்லாரும் பாக்க நான் சமைச்சுப் போடுவேன். அத்தனை பேர் முன்னால உக்காந்து சாப்பிடுங்க. அப்புறம் வாரேன்.”

“இப்பவே உங்கூட ஏறுதேன் பாக்கியம்! இப்பவே…”

“வேண்டாம். பின்னால தனியா வாங்க. ஒரு பகலும் ராத்திரியும் ரயிலு. வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டு வாங்க.”

டிரங்கை அவளே தூக்கப் போனாள். இன்பநாதன் ஓடிவந்து வாங்கி ஆட்டோவில் வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்து, “ஸ்டேஷன்” என்றாள்.