மஞ்சள் துணி வட்டம்

செயின்ட்-மிஷேலில் பழைய மரத் தளபாடம் திருத்தும் அந்தப் பட்டறைக்கு நீளத் துப்பாக்கி ஒன்று கம்பளியில் சுற்றப்பட்டு வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி வின்சன்ட் அதை மேசையில் கிடத்தினார்.

"அமெரிக்கத் துவக்கு. இருநூறு வருசம் தாண்டின சாமான். பாத்துத் தொடும், சேவியர்."

"என்னைவிட நீளமாக் கிடக்கு, அண்ணை."

"ஓம். வாய்தான் உம்மளவு இல்லை."

சேவியர் சிரித்தான். மகள் நிரோஜா காய்ச்சலில் போனபின் அவன் சிரிப்பது அபூர்வம்.

துவக்கின் மேப்பிள் மரக்கட்டை முழுக்கப் புலிவரி. பூசி வந்த வரியல்ல. அமிலம் தடவி, நெருப்பில் காட்டி, மரத்துக்குள் ஒளிந்து கிடந்ததைச் செய்தவன் வெளியே இழுத்திருந்தான். கன்னம் பதிக்கும் இடத்தில் ஒரு வெள்ளிப் பிறை. நகத்தை ஓட்டினாலும் பொருத்துத் தட்டுப்படவில்லை.

எண்ணெய் தேய்க்கக் கந்தல் பையில் கைவிட்டான். நிரோஜாவின் மஞ்சள் சட்டை வந்தது.

அதை அங்கே போட்டவன் அவன்தான். செத்த பிள்ளையின் உடுப்பு கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் மனைவி றொசானா படுக்கையை விட்டு எழும்பமாட்டாள் என்று, அவளுக்குத் தெரியாமல் அள்ளிவந்தான். துணி துணிதான். அழுது என்ன கிடைக்கும்?

அவளோ ஒவ்வொரு நாளும் அலுமாரியைக் கிளறுகிறாள். "பிள்ளையின்ர மஞ்சள் சட்டையைக் கண்டனீங்களே, அப்பா?" அவனும் ஒவ்வொரு நாளும் இல்லை என்கிறான்.

சட்டையால் தேய்த்தான். மரம் எண்ணெயைக் குடித்தது. கன்னம் பதியும் இடம் மட்டும் குடிக்கவில்லை.

அது ஈரமாக இருந்தது.

துடைத்தான். மறுபடி ஊறியது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தான். மேப்பிள் நீர் இனிக்கும்.

இது உப்புக் கரித்தது.

கட்டையின் பக்கவாட்டில் குடைந்து, பித்தளை மூடி போட்ட சிறு பெட்டி ஒன்றிருந்தது. அமத்தத் திறந்தது. கொழுப்பு வாடை. உள்ளே, நீலப் பூப்போட்ட வட்டத் துணி ஒன்றே ஒன்று.

"இது என்னண்ணை?"

"குண்டைச் சுத்துற துணி. கொழுப்புப் பூசிக் குழலுக்குள்ள இடிப்பினம். பழைய உடுப்பு எதையும் வெட்டுறதுதான்."

சேவியர் வட்டத்தைத் திருப்பினான். ஓரத்தில் குஞ்சுப் பொத்தான் ஒன்று ஒட்டியிருந்தது. குழந்தைச் சட்டை.

அதை வெட்டினவனும் சொல்லியிருப்பான், துணி துணிதான் என்று.

மேசையருகே யாரோ மூச்சை உள்ளிழுத்தார்கள். அழுகையை அடக்குகிற ஆம்பிளையின் மூச்சு. வின்சன்ட் எட்டத்தில் போனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"அழும்," என்றான் சேவியர் மெதுவாக, மூச்சு வந்த பக்கம் பார்த்து. "அழுதிடும்."

நீலத் துணியை உள்ளே வைத்து மூடினான். வின்சன்ட் துவக்கை இரும்பு அலுமாரியில் பூட்டினார். சேவியர் மஞ்சள் சட்டையைச் சுருட்டி நெஞ்சோடு வைத்துக்கொண்டு பஸ் ஏறினான்.

வீட்டில் சட்டையை நீட்டியபோது றொசானா ஏசவில்லை. எண்ணெய் மணக்கும் சட்டையை முகத்தில் பொத்தினாள். பிறகு விரித்தாள்.

நெஞ்சுப் பக்கத்தில் வட்டமாக ஒரு ஓட்டை.

"ஆரப்பா வெட்டினது?"

"நான் கத்திரிக்கோலே தொடேல்லை."

அவள் சட்டைப் பைக்குள் விரலை விட்டாள். எதையோ எடுத்தாள்.

நீலப் பூ. குஞ்சுப் பொத்தான்.

"இது ஆரின்ர பிள்ளையின்ர?" குரல் கிசுகிசுத்தது.

அவள் அந்தத் துணியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, செத்தவீட்டிலும் அழாதவள், நிலத்தில் குந்தியிருந்து அழுதாள். அவனும் பக்கத்தில் இருந்தான்.

மறுநாள் வின்சன்ட் அலுமாரியைத் திறந்துவிட்டார். சேவியர் பித்தளை மூடியை அமத்தினான்.

உள்ளே மஞ்சள் வட்டம் ஒன்று கிடந்தது.

தொட்டான். நனைந்திருந்தது. இளஞ்சூடாகவும் இருந்தது.