மேஸ்திரியின் எட்டாவது வீடு

“ஒரு நாய்க்காக என் கல்யாணத்தை நிறுத்தப் போறியாம்மா?”

“நிறுத்தறதா யாருடி சொன்னது? நான் போடப்போறது ஒரே ஒரு கையெழுத்து.”

“கையெழுத்தா அது? ரத்தம் எடுத்து, உன் ஆயுசைப் படிச்சு, ஊரே பாக்கறமாதிரி ஒட்டிருவாங்க. ரெண்டு மாசம் பொறுத்துக்க முடியாதா உன்னால?”

“என்னால முடியும். மேஸ்திரியால முடியாது.”

எங்கள் பதினோராம் தளத்தில் ஏழு வீடுகள். அன்று காலை ஏழு கதவுகளும் ஒரு சாண் திறந்திருந்தன. காற்றுக்காக என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள், உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து கோலத்தைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அது ஸ்டிக்கர் கோலம்.

சண்டை போட்டவர்கள் அடுத்த வீட்டு லக்ஷிதாவும் அவள் மகள் காமாட்சியும். எங்கள் தலைமுறைக்குப் பெற்றோர் லக்ஷிதா, ரித்திகா, சகானா என்று பெயர் வைத்தார்கள்; நாங்கள் பிள்ளைகளுக்குக் கொள்ளுப்பாட்டி பெயர்களை வைத்துப் பழி தீர்த்துக்கொண்டோம். லக்ஷிதாவுக்கு அறுபது வயது. கடல்நீர் ஆலையின் சோதனைக்கூடத்தில் முப்பது வருடம் உப்பை அளந்துவிட்டு ஓய்வு பெற்றவள். கணவன் இல்லை. காமாட்சிக்கு இருபத்தெட்டு, நான்காம் பிளாக் வேலாயுதத்துக்கு நிச்சயமாகியிருந்தது.

மேஸ்திரி அவர்கள் வீட்டில் இருந்த கிழட்டு நாய். செம்பழுப்பு, முகம் மட்டும் நரைத்து வெளுத்தது, பின்கால்கள் இழுக்கும். யார் வேலை செய்தாலும் எதிரே உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பான், அதனால் அந்தப் பெயர். பிறர் வேலையை உட்கார்ந்து பார்ப்பவர்களை எனக்கு எப்போதும் பிடிக்கும்.

கடல் ஏறி வந்து நாங்கள் எல்லாரும் சோழவரத்துக்கு மாறியபோது, வயதான மிருகங்கள் ஆயிரக்கணக்கில் ஆளில்லாமல் நின்றுவிட்டன. எடுத்து வளர்த்தவர்களும் வயதானவர்கள். அவர்கள் இறந்ததும் அவை இரண்டாம் முறை அநாதையாகின. அதனால் ஒரு சட்டம் வந்தது. தொண்ணூறு நாள் யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், அது தவணைக் காப்பு. நிரந்தரமாக வைத்துக்கொள்வது முழுக்காப்பு. அதற்கு உங்கள் எஞ்சாயுளை, அதாவது இன்னும் எத்தனை காலம் இருப்பீர்கள் என்பதை, படிக்கக் கொடுக்கவேண்டும். ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிடம். மிருகத்தின் எண்ணைவிட உங்கள் எண் பெரிதாக இருந்தால் அது உங்களுடையது. காப்பு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த எண், ஊரார் போனில் பார்க்கக்கூடிய உங்கள் குடிமைப் பக்கத்தில் ஏறும். காப்பாளர் எப்போது போவார் என்று அக்கம்பக்கம் தெரிந்திருக்கவேண்டுமாம். ஒருமுறை திறந்த பக்கத்தை மறுபடி மூட முடியாது.

கேட்கும்போது நியாயமான சட்டம்தான். நடந்தது என்னவென்றால், எந்த மரியாதையான குடும்பமும் பக்கத்தைத் திறக்கவில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகம் கேட்பதை விட்டுவிட்டு, “பக்கம் மூடித்தானே இருக்கு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். நாய்கள் தொண்ணூறு நாளைக்கு ஒரு வீடு என்று சுற்றின. எல்லாருக்கும் நாய்மேல் ஆசை உண்டு, எண்பத்தொன்பது நாள் வரைக்கும்.

மேஸ்திரிக்கு என் வீடு மூன்றாவது. தொண்ணூறாம் நாள் காலை ஒன்பது மணிக்குக் காப்பகத்துக்குத் திருப்பி அனுப்பினேன். வண்டியில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பழகியிருந்தான்.

ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் அவன் சாப்பாட்டை நிறுத்துவான். என்னிடம் வந்தபோது மூன்று நாள். லக்ஷிதாவிடம், எட்டாவது வீட்டில், பத்து நாள். பதினோராம் நாள் அவள் தன் தட்டோடு தரையில் உட்கார்ந்து, தயிர்சோற்றில் ஒரு வாய் தனக்கு, ஒரு வாய் தட்டின் ஓரத்தில் என்று வைத்திருக்கிறாள். அவன் மெல்ல வந்து நக்கினான். அன்றிலிருந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. காப்பக மருத்துவர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார், இன்னொரு மாற்றத்தை இவன் தாங்கமாட்டான். தவணை வெள்ளிக்கிழமை முடிகிறது. சண்டை செவ்வாய்க்கிழமை.

வியாழக்கிழமை லக்ஷிதா மகளிடம் சொல்லாமல் காப்பக அலுவலகத்துக்குக் கிளம்பினாள். நான் துணைக்குப் போனேன். என்ன எண் வருகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் போனேன் என்று தளத்தில் பேசிக்கொள்கிறார்கள். இரண்டும் உண்மை.

அங்கே இருந்த அதிகாரி சின்னப் பெண், மரியாதையானவள். ரத்தம் எடுத்துப் பத்து நிமிடம் ஆனதும், திரையைத் தன் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டாள்.

“நாய்க்குப் பதினாலு மாசம் காட்டுதும்மா.”

“சரி. எனக்கு?”

“பதினொண்ணு.”

“பதினோரு வருஷமா?”

“மாசம்மா.”

லக்ஷிதா புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு, காய்கறிக் கடையில் கேட்பதுபோலத்தான் கேட்டாள்: “மூணு மாசம்தானே குறையுது. கொஞ்சம் பாத்துப் போட்டுக் குடும்மா.”

அந்தப் பெண்ணின் கண் நிறைந்துவிட்டது. “மெஷின்ல வர்றதை நான் மாத்த முடியாதும்மா. முழுக்காப்பு கிடைக்காது.”

திரும்பும் வழியில் நான் என் வாழ்நாளிலேயே முதல்முறையாக எதுவும் கேட்கவில்லை. அவள்தான் பேசினாள். “மத்தியானத்துக்கு ஒண்ணும் சமைக்கல சகானா. உன்கிட்ட ரசம் இருக்கா?”

நாங்கள் மின்தூக்கியில் ஏறுவதற்குள் பக்கம் திறந்துவிட்டது. மற்ற கதவுகள் எல்லாம் இந்த முறை மூடியிருந்தன. காமாட்சி மட்டும் வாசலில் நின்றாள், கையில் போனைப் பிடித்தபடி. அம்மாவைத் திட்டவில்லை. செருப்பைக் கழற்ற அம்மா குனிந்தபோது, தானே உட்கார்ந்து கழற்றிவிட்டாள்.

சாயங்காலம் வேலாயுதத்தின் அம்மா ரித்திகா போனில் கூப்பிட்டாள். லக்ஷிதா ஸ்பீக்கரில் போட்டாள், நான் ரசப் பாத்திரத்தை வாங்கப் போயிருந்தேன்.

“தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தி. மனசு கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா பொண்ணுக்கும் அதே ரத்தம்தானே ஓடுது? அவளுக்கும் ஒருதடவை படிச்சுக் காட்டிட்டீங்கன்னா எங்களுக்கு நிம்மதி.”

மறுநாள் காலை காமாட்சி போய்ப் படிக்கக் கொடுத்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காகத்தான் என்று நாங்கள் எல்லாரும் நினைத்தோம். நான் அப்படித்தான் ஐந்து வீட்டில் சொல்லியும் வைத்திருந்தேன். பதினோரு மணிக்கு அவள் கையில் முழுக்காப்புப் பத்திரத்தோடு வந்தாள். எண் நாற்பத்தொன்று, வருஷம். மேஸ்திரி இனி அவள் பெயரில்.

“என்னால உன் பக்கமும் திறந்துபோச்சேடி,” என்றாள் லக்ஷிதா.

“திறந்தா திறக்கட்டும். தள்ளு, அவனுக்குச் சோறு வைக்கணும். நீயும் உட்காரு, நீ உட்காராம அவன் திங்கமாட்டான்.”

நாற்பத்தொன்று என்றதும் ரித்திகா பழத்தட்டோடு ஓடிவந்தாள். காமாட்சி அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“எனக்கு எவ்வளவுன்னு பாத்துட்டீங்க அத்தை. உங்க பையனுக்கு எவ்வளவு?”

“அவன் எதுக்கும்மா படிக்கணும்? அவன் என்ன நாயா வளர்க்கறான்?”

“அதுவும் சரிதான். பழத்தை எடுத்துட்டுப் போங்க அத்தை, வெயில்ல வாடிடும்.”

நான் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல மாதுளை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டார்கள். லக்ஷிதா தேய்ந்துகொண்டே வந்தாள். காமாட்சி பஸ் கட்டுப்பாட்டு அறையில் எல்லா நாளும் காலை வேலை வாங்கிக்கொண்டு மத்தியானம் வந்துவிடுவாள். ஒரு கையில் அம்மாவையும் ஒரு கையில் நாயின் இடுப்புப் பட்டையையும் பிடித்து, வராண்டாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடக்கவைப்பாள். கதவைத் திறந்து பார்க்க எங்களுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மேஸ்திரி ஏழாவது மாதமே போய்விட்டான். லக்ஷிதாவின் மடியில் தலையை வைத்தபடி, அவள் கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டே. பதினான்கு மாதம் என்று சொன்ன இயந்திரத்துக்கு நாயைச் சரியாகப் படிக்கத் தெரியவில்லை. அப்படியானால் சட்டப்படியே அவனை அவளிடம் கொடுத்திருக்கலாம். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அலுவலகத்தில் போய்க் கேட்கலாம் வா என்றேன்.

“எதுக்கு? என் கண்ணு முன்னாடி போனான். நான் கேட்டது அதுதானே,” என்றாள் லக்ஷிதா.

மனிதர்களை அந்த இயந்திரம் நன்றாகத்தான் படிக்கிறது. அவள் பதினோரு மாதமும் நான்கு நாளும் இருந்தாள்.

வேலாயுதம் தை மாதம் எட்டாம் பிளாக்கில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு பக்கமும் மூடியவைதான். அவர்கள் வீட்டில் ஒரு மீன்தொட்டிகூடக் கிடையாது. யாராவது குருவிக்குத் தண்ணீர் வைத்தால்கூட ரித்திகா ஜன்னலைச் சாத்துகிறாளாம்.

காமாட்சிக்கு அடுத்த வருடம் கிருஷ்ணகிரியிலிருந்து சடையப்பன் என்று ஒரு பையன் அமைந்தான். மாட்டுக் காப்பகத்தில் வேலை. கறவை நின்ற இரண்டு கிழட்டுப் பசுக்களுக்காகப் பக்கத்தைத் திறந்தவன். பத்தொன்பது வருஷம் என்று அதில் போட்டிருந்தது. அவள் வீட்டைக் காலிசெய்து பெட்டி கட்டிய அன்று என்னால் பொறுக்க முடியவில்லை.

“காமாட்சி, ஒரு வருஷம் போக உனக்கு நாப்பது, அவருக்குப் பத்தொம்பது. கழிச்சுப் பாத்தியாடி?”

அவள் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

“பாத்தேன் ஆன்ட்டி. எப்படிப் போட்டாலும் எனக்குப் பத்தொம்பதுதான் வருது. அந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க.”

பிடித்தேன். மத்தியானம் அவளும் சடையப்பனும் கிருஷ்ணகிரிக்குக் கிளம்பிப் போனார்கள்.